பகலில் ஒரு ஐரின்

பதினெட்டு வயது நிறைந்ததும் ஐரின் செய்த முதல் காரியம், இனிமேல் தான் ஐரின் இல்லை என்று வீட்டில் அறிவித்ததுதான். மற்ற பிள்ளைகள் ஓட்டுநர் உரிமம் வாங்க ஓடும் வயதில், இவள் தொம்மலூர் வீட்டுச் சமையலறை வாசலில் இட்லித் தட்டோடு நின்றுகொண்டு அம்மாவின் தலையில் கல்லைப் போட்டாள்.

"திங்கக்கிழமை ஒரு நோட்டரியப் பாக்கறேன்மா. அஃபிடவிட் போட்டு, பேப்பர்ல விளம்பரம் குடுத்தா முடிஞ்சுது. விசாகான்னு வச்சிக்கப் போறேன்."

சங்கமித்ரா அடுப்பை அணைத்தாள். சட்னி தாளிக்கிற நேரத்தில் இதையெல்லாம் பேசுவார்களா என்று கேட்க நினைத்தாள். ஆனால் மகள் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் தொல்லை. கோலார் தங்கவயலில் இருந்து வந்த பௌத்தக் குடும்பம். கூடத்தில் புத்தர் படம். அப்பா ஆதிகேசவன், அம்மா சங்கமித்ரா. பெருமாள் பெயரும் பிக்குணி பெயரும் ஒரே ரேஷன் கார்டில் இருக்கிற வீடு ஏற்கெனவே கதம்பம்தான். நடுவில் இந்த ஐரின் எங்கிருந்து வந்தாள்?

"காலேஜ்ல எல்லாரும் மொதல்ல கேக்கறது, எந்தச் சர்ச்சுக்குப் போறன்னு. சர்ச்சே இல்ல, நாங்க புத்திஸ்டுன்னு சொன்னா, அப்ப ஏன் இந்தப் பேருன்னு கேக்கறாங்க. எனக்கே தெரியல, நான் இன்னா சொல்றது? ஃபோன்ல தேடுனேன். ஐரின்னா கிரேக்க மொழியில சமாதானமாம். எனக்கும் கிரீஸுக்கும் இன்னா சம்பந்தம்? விசாகான்னா புத்தருக்கே விகாரை கட்டிக் குடுத்தவங்க. அர்த்தமும் இருக்குது, காரணமும் இருக்குது."

"காரணம் இதுக்கும் இருக்குது. அது என் ஃப்ரெண்டு பேரு."

"தெரியும்மா, சின்ன வயசுலர்ந்து சொல்ற. அந்த ஃப்ரெண்ட நான் ஒரு தடவகூட பாத்ததில்லயே. எங்க கீறாங்க? முழுப் பேரு சொல்லு, இப்பவே ஃபோன்ல தேடிப் பாக்கறேன்."

சங்கமித்ரா கரண்டியைக் கழுவினாள். கழுவிய கரண்டியை மறுபடி கழுவினாள்.

"ஐரின்கறது அவ வேலைக்கு வச்சிக்கினு இருந்த பேரு," என்றாள் கடைசியில். "நெஜப் பேரு தெரியாது."

மகள் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். "உயிர்த் தோழின்ற. அவங்க பேரே உனக்குத் தெரியாது. அவங்களுக்கே சொந்தமில்லாத ஒரு பேர எனக்கு வச்சிருக்கற."

ஆதிகேசவன் பேப்பரில் இருந்து தலையைத் தூக்கி, "அவ சொல்றதும் சரிதான், நீ சொல்றதும் சரிதான்," என்றார். எந்தச் சண்டையிலும் இரண்டு கட்சிக்கும் ஓட்டுப் போட்டுவிட்டுக் குளிக்கப் போகிற மனிதர் அவர்.

சங்கமித்ராவுக்கு அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. சொந்தமில்லாத பேர். அப்படி யாரும் சொல்லிவிடக் கூடாதென்றுதான் இத்தனை வருடமும் அவள் அந்தக் கதையை முழுதாகச் சொல்லாமல் வைத்திருந்தாள். தோழியின் போட்டோ ஒன்றுகூட அவளிடம் இல்லை. மிச்சம் இருந்தது இந்தப் பெயர் ஒன்றுதான். அதுவும் போய்விட்டால், அப்படி ஒருத்தி இருந்தாள் என்பதற்கே சாட்சி இல்லாமல் போய்விடும்.

சுரங்கத்தை மூடிய பிறகு தங்கவயலில் ஆண்கள் எல்லோரும் மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு ஓடியபோது, பெண்களும் ஓடினார்கள். சங்கமித்ராவுக்குத் தொம்மலூர் பக்கம் ஒரு கால் சென்டரில் வேலை கிடைத்தது. அமெரிக்காவில் யார் வீட்டிலாவது வாஷிங் மெஷின் நின்றுபோனால், இங்கே இவர்கள் நள்ளிரவில் அதற்கு வைத்தியம் சொல்ல வேண்டும். அந்த மாடியில் ஹெட்போன் மாட்டிய பெண்களில் முக்கால்வாசிப் பேர் வீட்டில் துணி துவைக்கிற கல்தான் இருந்தது என்பது அமெரிக்கர்களுக்குத் தெரியாது.

பயிற்சி கொடுத்தவர் டிரேவர், குக் டவுன் ஆங்கிலோ இந்தியர். புதிதாக வருகிற ஒவ்வொருத்திக்கும் அவர்தான் ஃபோன் பெயர் வைப்பார். வேறெங்கும் தேடமாட்டார், தன் அத்தைமார், சித்திமார் பெயர்களையே எடுத்துக் கொடுப்பார். பெயரைக் கொடுத்தால் போதாது, அது எந்த ஊர்ப் பெயர், என்ன அர்த்தம் என்று மனப்பாடம் செய்யவும் வைப்பார். பேச்சுவாக்கில் வாடிக்கையாளர் கேட்டுவிட்டால் விழிக்கக் கூடாதல்லவா. சங்கமித்ராவுக்குக் கிடைத்தது மௌரீன். அயர்லாந்துக்காரர்கள் மேரியைச் செல்லமாகக் கூப்பிடுகிற பெயர். பக்கத்து நாற்காலியில் இருந்தவள் ஐரின். அதற்கு அப்பால் ஒரு லவினா.

அந்த மாடிக்கென்று சில சட்டங்கள் இருந்தன. ஒரே மாடியில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கக் கூடாது. வேலையை விட்டுப் போகிறவள் தன் பெயரை டிரேவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், கேக் வெட்டி, அடுத்து வருகிறவளுக்கு அதைத் தாரை வார்ப்பார்கள். உள்ளே நுழைந்த பிறகு யாராவது யாரையாவது சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால், கூப்பிட்டவள் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். டீக்குப் பயந்தே நாக்கு பழகிப்போனது. பிறகு வெளியில், பஸ் ஸ்டாப்பில், சினிமாக் கொட்டகையில், பானிபூரி வண்டியருகில், எங்கேயும் மௌரீன் மௌரீன்தான், ஐரின் ஐரின்தான். நல்ல பழக்கம் நாலு நாளில் மறந்துபோகிறது, கூத்துப் பழக்கம் மட்டும் எலும்பில் ஒட்டிக்கொள்கிறது.

ஆனால் என்ன நாட்கள் அவை! தூக்கம் சொக்கும்போது ஐரின் பக்கத்தில் இருந்து காலால் உதைப்பாள். கெட்ட வார்த்தையில் திட்டுகிற வாடிக்கையாளன் வந்துவிட்டால், மௌரீனின் ஹெட்போனைப் பிடுங்கித் தானே மாட்டிக்கொண்டு, தேனாகப் பேசி அவனையே மன்னிப்புக் கேட்க வைப்பாள். அவள் குரலில் அப்படி ஒரு நிதானம் இருந்தது. டிரேவர் அவளைக் காட்டி, "பேருக்கு ஏத்த குரல்," என்பார். சங்கமித்ராவின் அப்பாவுக்கு மூச்சிரைப்பு வந்து தங்கவயல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, லீவு கிடைக்காதவளுக்காக இரண்டு ஷிப்டும் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து கொடுத்தவள் ஐரின். அந்தக் கடனுக்கு வட்டிகூட இவள் கட்டவில்லை.

விடியற்காலையில் கம்பெனி வண்டி எல்லோரையும் வீட்டில் கொண்டுபோய் விடும். ஐரின் மட்டும் வீடு வரை வரவிடமாட்டாள். ஸ்ரீராம்புரத்தில் ஒரு மூலையில், பிள்ளையார் கோவில் பக்கம் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் சந்துக்குள் வேகமாக நடந்துபோவாள். ஒருநாள் அப்படிப் போனவள் மறுநாள் வேலைக்கு வரவில்லை. அப்புறம் வரவே இல்லை. அவளோடு சேர்ந்த பழைய ஆட்கள் அதற்குள் வேறு வேறு கம்பெனிக்குப் பறந்திருந்தார்கள். கைப்பேசி அணைந்தே கிடந்தது. சங்கமித்ரா ஒரு மாலை அந்த மூலைக்குப் போய் நின்றாள். யார் பெயரைச் சொல்லிக் கேட்பது? ஐரின் என்றால் அங்கே யாருக்குத் தெரியும்? அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்ன, பஸ் ஏறித் திரும்பிவிட்டாள். டிரேவரிடம் கேட்கவும் அதே வெட்கம் விடவில்லை.

இதையெல்லாம் அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் மகளிடம் சொல்லி முடித்தாள்.

"பேரு தெரியலன்னா இன்னாம்மா, ஆளு அடையாளத்தச் சொல்லிக் கேட்டிருக்கலாமே?" என்றாள் மகள்.

இருபது வருடமாக சங்கமித்ராவுக்குத் தோன்றாத யோசனை அது.

"சரி, ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் போலாம்," என்றாள் மகள். "கெடச்சாங்கன்னா அவங்களப் பாத்துட்டு யோசிக்கறேன். கெடைக்கலன்னா திங்கக்கிழமை நான் விசாகா. நீ அழக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை மெஜஸ்டிக் வரை பஸ், அங்கிருந்து மெட்ரோ. ஸ்ரீராம்புரத்தில் இறங்கியபோது சங்கமித்ராவுக்குத் திசையே புரியவில்லை. தலைக்கு மேல் ரயில் ஓடுகிற ஊரில் பழைய மூலையை எங்கே தேடுவது? நல்லவேளை, பிள்ளையார் அங்கேயே இருந்தார். பளிங்குத் தரையும் கிரில் கதவும் போட்டுப் பணக்காரராகியிருந்தார். அவருக்கு எதிரில் பூக்கூடையோடு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து டீக்கடைக்காரன் அவளை சந்திரம்மா என்று கூப்பிட்டுச் சில்லறை கேட்டுக்கொண்டிருந்தான்.

சங்கமித்ரா தயங்கி நின்றாள். மகள் முழங்கையால் இடித்தாள்.

"அக்கா, ஒரு ஆளத் தேடறோம். ரொம்ப வருஷம் முன்ன, விடிகாலைல ஒரு வெள்ள சுமோ வந்து இந்த மூலைல ஒரு பொண்ண எறக்கி விடும். ராத்திரி வேலை. ஒசரமா இருப்பா. நெத்தில ஒரு வெட்டுத் தழும்பு. ரொம்ப வேகமா நடப்பா."

சந்திரம்மா பூத் தொடுப்பதை நிறுத்தவில்லை. "ஹௌதும்மா, ஆமா, மார்க்கெட்லருந்து நான் பூ எடுத்துக்கினு வர்ற நேரம்தான் அந்த வண்டி வரும். தெனமும் எங்கிட்ட ஒரு மொழம் கனகாம்பரம் வாங்கிக்கினுதான் வூட்டுக்குப் போவா. நம்ம வியாகுலா."

"யாரு?"

"வியாகுலமேரிம்மா. அந்தச் சந்துல கடைசி வூடு. இப்ப கார்ப்பரேஷன்ல மேஸ்திரி. இன்னிக்கு லீவுதான், போங்க, இருப்பா."

வியாகுலமேரி. சங்கமித்ரா அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். இரண்டரை வருடம் தோளோடு தோள் உரச உட்கார்ந்தவளின் பெயரை ஒரு பூக்காரி சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறதே என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. சந்துக்குள் நடக்கும்போது மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டைக் கண்டுபிடிக்கிற பயம் போய், இப்போது அவளைப் பார்க்கிற பயம் வந்திருந்தது. முதல் கேள்வியே, என் பேர் தெரிய உனக்கு இருபது வருஷமா என்றிருந்தால் என்ன சொல்வது?

கடைசி வீட்டு வாசலில் ஒரு பெண் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. நெற்றியில் தழும்பு. நிமிர்ந்து பார்த்தாள். கீரைக்கட்டு மடியில் இருந்து சரிந்தது.

"மௌரீன்," என்றாள்.

அவ்வளவுதான். சங்கமித்ரா கீரையைப் பொறுக்குகிற சாக்கில் கீழே உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் முழங்கால்மேல் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"எந்திரிடி. தெருவே பாக்குது. இன்னா, எவனாவது வாஷிங் மெஷின்காரன் திட்டிட்டானா?"

உள்ளே போய் உட்கார்ந்து, காபி குடித்த பிறகுதான் கதை வந்தது. வியாகுலமேரியின் அப்பா கார்ப்பரேஷனில் தெருக்கூட்டுகிறவர். வேலைசெய்துகொண்டிருக்கும்போதே லாரி மோதிப் போய்விட்டார். அந்த வேலையை வீட்டில் ஒருவருக்குத் தருவார்கள். தம்பிகள் சின்னவர்கள், அம்மாவுக்கு உடம்பு முடியாது. நிரந்தர வேலை, விட்டால் போச்சு. இவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் துடைப்பத்தை எடுத்தாள்.

"விடிகாலைல சுமோல வந்து எறங்குற நேரத்துக்கு, நான் இங்க கூட்டிக்கினு இருப்பேன். ஒரு நாளு நம்ம கம்பெனி வண்டியே என்னத் தாண்டிப் போச்சு. முந்தானையால மூஞ்ச மூடிக்கினு நின்னேன். அப்ப அப்பிடி ஒரு வெக்கம். இப்ப நெனச்சா சிரிப்பு வருது. ஃபோன எடுக்காம இருந்தது அதுக்குத்தான். உன்ன மறந்துட்டு இல்ல."

"நான் வந்தேன் தெரியுமா? மூலை வரைக்கும் வந்தேன். உன் பேரு தெரியாம திரும்பிட்டேன்." சங்கமித்ரா கண்ணைத் துடைத்தாள். "ரெண்டு வருஷத்துக்கு மேல பக்கத்துல உக்காந்தேன். ஒரு தடவகூட கேக்கலியே உன் பேர. இன்னா ஜென்மம் நானு."

வியாகுலமேரி அவளை விநோதமாகப் பார்த்தாள்.

"அடிப் பைத்தியமே. நீ ஒருத்திதாண்டி கேக்காதவ. அதுக்குத்தான் உன் பக்கத்துலயே நாற்காலியப் போட்டுக்கினு உக்காந்திருந்தேன்."

பிறகு, அதுவரை மூலையில் உட்கார்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்துச் சொன்னாள்: "வியாகுல மாதா திருநாள்ல பொறந்தேன் பாப்பா. கோயில்ல சாமியார் அந்தப் பேரயே வச்சிட்டாரு. வியாகுலம்னா துக்கம். ஸ்கூல்ல அழுமூஞ்சி மேரின்னு கூப்புடுவாங்க. வேலைல சேந்த மொத நாளு டிரேவர் சார் எல்லாரையும் அவங்கவங்க பேரும் அர்த்தமும் சொல்லச் சொன்னாரு. நான் சொன்னேன். ரூமே சிரிச்சுது. துக்கத்துக்கு இங்கிலீஷ்ல சாரோ இல்ல, அந்த வாரம் பூரா மிஸ் சாரோன்னுதான் கூப்புட்டாங்க. அப்பறந்தான் சாரு ஐரினைக் குடுத்தாரு. சமாதானம்னு அர்த்தம் சொன்னாரு. உங்கம்மா ஆறு மாசம் கழிச்சி வந்தா. அவளுக்கு நான் மொதல்லருந்தே ஐரின். அவகிட்ட மட்டுந்தான் அந்தப் பேரு கழுவித் தொடச்சாப்ல சுத்தமா இருந்துது."

சங்கமித்ராவின் பக்கம் திரும்பிச் சிரித்தாள். "இதுல ஒரு கூத்து பாத்தியா? நீ புத்தர் வூட்டுப் பொண்ணு, உனக்கு மேரியோட செல்லப் பேரு. நான் பொறந்ததுலர்ந்து மேரி, எனக்குக் கிரேக்கம். மேரிய உங்கிட்ட குடுத்துட்டு, வியாகுலத்த செருப்போட வெளிய விட்டுட்டு, நான் பாட்டுக்கு உள்ள வந்து உக்காந்துக்குவேன். காலைல வண்டி இந்த மூலைக்கு வந்ததும் ரெண்டையும் மறுபடி மாட்டிக்கினு நடப்பேன்."

சங்கமித்ராவுக்கு இருபது வருடத்துச் சுமை ஒன்று இறங்கியது, அந்த இடத்தில் வேறொன்று ஏறியது. அந்த வேக நடையின் அர்த்தம் அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

"இப்ப பழகிப்போச்சு," என்றாள் வியாகுலமேரி. "தெனம் காலைல தெருக்கூட்டறவங்களுக்கு அட்டென்டன்ஸ் எடுக்கறேன். எத்தினியோ பேரு. எல்லாரையும் முழுப் பேரும் சொல்லித்தான் கூப்புடுவேன், எவளையும் சிரிக்க விடமாட்டேன். ஆமா, பாப்பா பேரு இன்னா? கேக்கவே இல்ல பாரு."

சங்கமித்ரா மகளைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்தாள். நோட்டரியும் விசாகாவும் அந்தச் சிறிய அறையில் அவள் தொண்டைக்குள் வந்து நின்றிருக்க வேண்டும்.

"ஐரின்," என்றாள் மெதுவாக.

வியாகுலமேரியின் கையில் இருந்த டம்ளர் அப்படியே நின்றது.

"ஸ்கூல்லயும் அதானா?"

"ஆமா ஆன்ட்டி. ஆதார்லயும் அதான்."

"பஸ்ல, காலேஜ்ல, கடைத்தெருவுல?"

"எல்லா எடத்துலயும்."

"பகல்லயா," என்றாள் வியாகுலமேரி, தனக்குத்தானே சொல்வதுபோல. "எனக்கு அது ராத்திரிப் பேரு பாப்பா. வெளிச்சத்துல என்ன யாரும் அப்பிடிக் கூப்ட்டதே இல்ல. அது இத்தினி வருஷமா பட்டப்பகல்ல தெருவுல நடமாடிக்கினு இருந்திருக்குது, எனக்குத் தெரியல பாரு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இந்தமுறை மூடிக்கொள்ளவில்லை.

மகளால் மறைத்துக்கொண்டு உட்கார முடியவில்லை. அந்த விஷயத்தில் அவள் நல்ல பிள்ளை. நோட்டரி, விசாகா, கல்லூரியில் கேட்கிற கேள்வி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். வியாகுலமேரி பொறுமையாகக் கேட்டாள். வாஷிங் மெஷின்காரர்களிடம் கேட்ட அதே பொறுமை.

"மாத்திக்கோ பாப்பா, தப்பே இல்ல. பேரு கனத்தா எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? ஆனா ஒண்ணு. அந்தப் பேர நான் டிரேவர் சாருகிட்ட திருப்பிக் குடுக்காமலே வந்துட்டேன். கேக்கும் வெட்டல. சட்டப்படி இன்னும் அது என்னுதுதான். நீ வேணாம்னு வுட்டா தெருவுல எறிஞ்சிடாத, எங்கிட்ட குடுத்துட்டுப் போ."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனாலும் அதைக் கேட்டு மகள் சிரிக்கவில்லை.

வியாகுலமேரி சாப்பாடு போட்டுத்தான் விட்டாள். கீரை மசியலும் கருவாட்டுக் குழம்பும். கிளம்பும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. சந்தின் நடுவில் குழாயடியில் பெண்கள் குடங்களோடு நின்றிருந்தார்கள். மேஸ்திரியைப் பார்த்ததும் இரண்டு பேர் வழிவிட்டு ஒதுங்கினார்கள். தன் வாசலிலேயே நின்றுகொண்ட வியாகுலமேரி, அம்மாவும் பெண்ணும் பாதிச் சந்து போன பிறகு குரல் கொடுத்தாள்.

"ஐரின்."

பெண் திரும்பினாள். "இன்னா ஆன்ட்டி?"

"ஒண்ணுமில்ல பாப்பா. சும்மா கூப்ட்டுப் பாத்தேன். போயிட்டு வா."

வியாகுலமேரி வீட்டுக்குள் போகத் திரும்பினாள். மகள் நின்ற இடத்திலேயே நின்றாள். சங்கமித்ரா அவளைப் பார்த்தாள். பதினெட்டு வருடமாகப் பார்த்துப் பழகிய முகம்தான், என்றாலும் அதில் அப்போது ஓடியது என்னவென்று தாய்க்கே பிடிபடவில்லை. மகள் தோள்பையை ஏற்றிப் போட்டுக்கொண்டு, குழாயடியில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி உரக்கக் கூப்பிட்டாள்.

"ஐரின் ஆன்ட்டி!"

குடங்கள் நின்றன. வாசல்படியில் ஒரு காலை வைத்திருந்த வியாகுலமேரி அசையாமல் நின்றாள்.

"ஒரே தெருவுல ரெண்டு ஐரின் இருந்தா இன்னா இப்போ?" என்றாள் மகள். "நானும் வச்சிக்கறேன், நீங்களும் வச்சிக்குங்க."

வியாகுலமேரி மெல்லத் திரும்பினாள். உச்சி வெயில் அவள் முகத்தில் நேராக விழுந்தது. கண்ணைச் சுருக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகினாள், முதுகை நிமிர்த்தினாள், இருபது வருடமாக எங்கேயோ மடித்து வைத்திருந்த குரலை எடுத்து, ஒரு மடிப்புக் கலையாமல் சொன்னாள்:

"தேங்க் யூ ஃபார் காலிங். திஸ் இஸ் ஐரின். ஹௌ மே ஐ ஹெல்ப் யூ?"

மேஸ்திரிக்கு என்ன ஆயிற்று என்று குழாயடி வாயைப் பிளந்து பார்த்தது. மகள் சிரித்தாள். சங்கமித்ரா நடுச்சந்தில் நின்று, அழக் கூடாதென்று மகள் சொன்னதையும் மறந்து அழுதாள்.